பனியன் கம்பெனியில் வேலை நேரக் கணக்கு: வாசல் முதல் சம்பளச் சீட்டு வரை முழுமையான வழிகாட்டி

திருப்பூரில் சனிக்கிழமை மாலை என்றால் பெரும்பாலான கம்பெனிகளில் சம்பளம். நான் கூலிக் கணக்கு எழுதத் தொடங்கிய புதிதில், அப்படியொரு சனிக்கிழமை, கறை எடுக்கும் பிரிவில் வேலை பார்த்த அக்கா ஒருவர் என் மேசை முன்னால் வந்து நின்றார். கையில் நகைக்கடைக் காலண்டரிலிருந்து கிழித்த ஒரு தாள். ஒவ்வொரு தேதிக்கும் கீழே பேனாவால் 1 அல்லது 1½ என்று எழுதியிருந்தார். மாலை ஐந்தரை வரை இருந்தால் ஒரு ஷிப்ட், இரவு எட்டரை வரை இருந்தால் ஒன்றரை. என் கணக்கில் புதன்கிழமைக்கு ஒரு ஷிப்ட். அவர் தாளில் ஒன்றரை.

“புதன்கிழமை எட்டரை வரைக்கும் இருந்தேன் தம்பி. பேக்கிங் மேஸ்திரியைக் கூப்பிட்டுக் கேளுங்கள்” என்றார்.

கேட்டேன். அவர் சொன்னது சரி. கறை எடுக்கும் திரவம் அவருடைய விரல் நுனித் தோலை உரித்திருந்தது. இரவு கிளம்பும்போது கைரேகைக் கருவி நான்கு முறை வைத்தும் ஏற்கவில்லை. பின்னால் வரிசையில் நின்றவர்களுக்குக் கடைசி பஸ் அவசரம். இவர் ஒதுங்கிப் போய்விட்டார். கருவியில் பதிவு இல்லை என்பதால் கம்பெனியின் கணக்கில் அந்த மூன்று மணி நேரமே நடக்கவில்லை. அந்தக் காலண்டர் தாள் இல்லாமல் இருந்திருந்தால் அவருடைய அரை ஷிப்ட் கூலி போயிருக்கும். என் கணக்கு மட்டும் சுத்தமாக இருந்திருக்கும்.

வேலை நேரக் கணக்கைப் பற்றி நான் கற்றதெல்லாம் அந்தத் தாளிலிருந்துதான் தொடங்குகிறது. வேலை கொடுப்பவரும் செய்பவரும் ஒரே தாளைப் பார்த்து ‘சரி’ என்று சொன்னால்தான் அது கணக்கு. ஒருவர் மட்டும் பார்த்தால் அது பாதிக் கணக்கு. கீழே எழுதியிருப்பது இருபது பேர் முதல் இருநூறு பேர் வரை வேலை செய்யும் கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங் பிரிவுகள் ஒரே கூரைக்குள் இருக்கும் கம்பெனியை மனத்தில் வைத்து. பட்டறை, அச்சகம், மசாலா அரைவை ஆலை வைத்திருப்பவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

முதலில், எந்தச் சட்டம் உங்களுக்கு?

கருவி வாங்கக் கடைக்குப் போவதற்கு முன் இதைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். தையல் நடக்கும் கட்டடம் தொழிற்சாலை. துணி விற்கும் ஷோரூமும் தனியாக இருக்கும் அலுவலகமும் 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்துக்குள் வருபவை. ஒரே முதலாளி, ஒரே தெரு என்றாலும் இரண்டுக்கும் நேர விதிகள் வேறு.

கடைகள் சட்டத்தில் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி. நான்கு மணி நேரம் வேலை செய்தால் ஒரு மணி நேர ஓய்வு கொடுத்தாக வேண்டும். தொழிற்சாலைகளின் நேரத்தை எழுபது ஆண்டுகளுக்கு மேலாக 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் ஆண்டது. நாளுக்கு 9 மணி, வாரத்துக்கு 48 மணி, ஐந்து மணி நேரத்துக்கு ஒருமுறை குறைந்தது அரை மணி ஓய்வு, வாரம் ஒரு நாள் விடுமுறை, அதற்கு மேல் போனால் இரட்டிப்புக் கூலி என்பது அதன் சாரம். 2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. அவற்றில் பணிப் பாதுகாப்பு பற்றிய தொகுப்பு ஒரு நாள் வேலையை 8 மணியாக வரையறுக்கிறது. மிகை நேரத்துக்குக் கூலி இரட்டிப்பு என்பது அப்படியே தொடர்கிறது. மிகை நேரம் பார்க்கத் தொழிலாளியின் சம்மதம் வேண்டும் என்பதும் அதில் இருக்கிறது. பெண்களை மாலை 7 மணிக்கு மேலும் காலை 6 மணிக்கு முன்பும் வேலைக்கு வைக்க அவர்களுடைய சம்மதமும் பாதுகாப்பு ஏற்பாடும் கட்டாயம்.

விதிகளின் நுணுக்கங்களுக்குத் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் உள்ளூர் அலுவலகத்தில் கேட்டு, பதிலைத் தேதியோடு எழுதி வையுங்கள். பக்கத்துக் கம்பெனிக்காரர் சொன்னார் என்று நடக்காதீர்கள். அவரும் இன்னொரு பக்கத்துக் கம்பெனிக்காரரிடம் கேட்டவராகத்தான் இருப்பார்.

இந்த எல்லைகள் எப்படி வந்தன என்பதையும் கணக்கு எழுதுபவர் ஒருமுறை தெரிந்துகொள்வது நல்லது. 1911-ஆம் ஆண்டுச் சட்டத்தில் பஞ்சாலை ஆண் தொழிலாளிக்கு நாள் வேலை 12 மணி. 1922-இல் 11 ஆனது, 1934-இல் 10, 1946-இல் 9. சிங்காரவேலர் சென்னையில் மே தினம் கொண்டாடியது 1923-இல். அதற்குச் சரியாக நூறு ஆண்டு கழித்து, 2023 ஏப்ரலில், 12 மணி நேர வேலைக்கு இடம் தரும் மசோதா நம் சட்டமன்றத்தில் நிறைவேறி, எதிர்ப்புக்குப் பின் மே 1 அன்று திரும்பப் பெறப்படுவதாக அறிவிக்கப்பட்டது. நாம் பதிவேட்டில் எழுதும் ஒவ்வொரு மணிக்கும் இவ்வளவு பேர் போராடியிருக்கிறார்கள்.

இரண்டாவது: நாள் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது?

எட்டரைக்கு வேலை என்றால், எட்டரைக்கு வாசலில் இருக்க வேண்டுமா, பதிவுக் கருவி முன்னால் இருக்க வேண்டுமா, தையல் இயந்திரத்தில் உட்கார்ந்திருக்க வேண்டுமா? இதை எழுதி வைக்காத கம்பெனியில்தான் தினமும் சண்டை. வாட்ச்மேன் ஒன்று சொல்வார், சூப்பர்வைசர் வேறொன்று சொல்வார்.

நான் பரிந்துரைப்பது இதுதான். வாசலைத் தாண்டி உள்ளே வந்து பதிவு செய்த நேரம்தான் வந்த நேரம். அதன் பிறகு நூல் வாங்க நிற்பது, மேஸ்திரியிடம் பீஸ் வாங்க நிற்பது, ஊசி உடைந்து மெக்கானிக்குக்குக் காத்திருப்பது, கரண்ட் போய் ஜெனரேட்டர் போடும்வரை உட்கார்ந்திருப்பது எல்லாம் வேலை நேரம். ஆள் உங்கள் கட்டடத்துக்குள், நீங்கள் சொன்னதற்காகக் காத்திருக்கிறார். அந்தக் காத்திருப்பைக் கழிக்கக் கூடாது.

கம்பெனி பஸ் தாமதமாக வந்தால்? தாமதம் கம்பெனியுடையது. பல்லடத்திலிருந்தோ அவிநாசியிலிருந்தோ வரும் பஸ் எட்டே முக்காலுக்கு வந்து சேர்ந்தால், அதில் வந்த அத்தனை பேருக்கும் எட்டரை என்றே எழுத வேண்டும். இதற்காக வாட்ச்மேனிடம் ஒரு சிறிய நோட்டு கொடுத்து, பஸ் உள்ளே வந்த நேரத்தை மட்டும் தினமும் எழுதச் சொல்லுங்கள். மலிவான நோட்டுப் புத்தகம்தான். அது தீர்த்து வைக்கும் வழக்குகள் பல.

வரிசையை மறந்துவிடாதீர்கள். ஒரு கருவி ஒரு ஆளை ஏற்க ஐந்து விநாடி எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நூற்றைம்பது பேருக்கு 750 விநாடி, அதாவது பன்னிரண்டரை நிமிடம். எட்டு இருபத்தைந்துக்கு வாசலுக்கு வந்தவரும் வரிசைக் கடைசியில் நின்றால் தாமதக்காரர் ஆகிவிடுவார். ஐம்பது பேருக்கு ஒரு கருவியாவது வையுங்கள். இல்லையென்றால் பத்து நிமிடச் சலுகை என்று எழுதி ஒட்டுங்கள்.

உணவு, தேநீர் இடைவேளைகளையும் அதே தாளில் எழுதுங்கள். உணவு இடைவேளையைக் கழிக்கலாம். தேநீருக்கான பத்துப் பதினைந்து நிமிடத்தைக் கழிக்காதீர்கள். டீ கிளாஸை ஓவர்லாக் மேசையோரம் வைத்துவிட்டுத் தைப்பவர்கள்தான் இங்கே அதிகம்.

மூன்றாவது: எதில் பதிவது?

இருபத்தைந்து பேருக்குள் என்றால் வருகைப் பதிவேடு போதும். நீளமான பவுண்ட் நோட்டு, பெயருக்கு எதிரே வந்த நேரம், போன நேரம், கையெழுத்து. பென்சில் கூடாது. வெள்ளைத் திரவம் பூசித் திருத்தக் கூடாது. தவறானதை ஒற்றைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதி, இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். பதிவேடு பழைய முறைதான். ஆனால் தொழிலாளி தன் நேரத்தைத் தன் கையால் எழுதுவதும், நேற்று எழுதியதைக் கண்ணால் பார்ப்பதும் அதில் மட்டுமே நடக்கிறது.

நாம் இன்றும் ‘பஞ்ச் அடிப்பது’ என்று சொல்கிறோமே, அது அட்டையில் நேரம் அச்சிட்டுக் கொடுத்த பழைய கடிகாரங்களின் மிச்சம். நியூயார்க் மாநிலத்து நகை வியாபாரி வில்லார்டு பண்டி என்பவர் 1890 வாக்கில், தொழிலாளி தன் சாவியைச் செருகி நேரம் பதியும் கடிகாரத்துக்குக் காப்புரிமை பெற்றார். அட்டைக் கடிகாரம் அதற்குப் பின் வந்தது. பண்டியின் நிறுவனம் பிறகு வேறு நிறுவனங்களோடு இணைந்து ஐபிஎம்மின் முன்னோடிகளில் ஒன்றானது. அந்த அட்டையில் ஒரு நன்மை இருந்தது: நேரம் தொழிலாளியின் கையில் இருக்கும் அட்டையிலேயே தெரிந்தது. இன்றைய கைரேகைக் கருவி ‘நன்றி’ என்று மட்டும் சொல்கிறது.

கைரேகை மலிவு, ஆள் மாற்றிப் பதிவதைத் தடுக்கும். ஆனால் நம் தொழிலில் எல்லா விரலும் ஒன்றல்ல. சாயப் பட்டறையில் இருப்பவர், கறை எடுப்பவர், நாள் முழுவதும் துணி மடிக்கும் கைமடி, அயர்ன் பிடிப்பவர் ஆகியோருடைய ரேகை தேய்ந்தோ உரிந்தோ இருக்கும். வயதானவர்களுக்கும் அப்படியே. இத்தகையவர்கள் பத்துப் பேருக்கு மேல் இருந்தால் முகம் பார்த்துப் பதியும் கருவியை வாங்குங்கள். அதற்கு வெளிச்சம் ஒரே சீராக வேண்டும். வாசலுக்கு நேரே வைத்தால் காலை வெயில் முகத்துக்குப் பின்னாலிருந்து அடித்து, கருவி தடுமாறும். பக்கவாட்டுச் சுவரில், கூரை நிழலில் பொருத்துங்கள்.

எந்தக் கருவியானாலும் பக்கத்தில் ஒரு நோட்டு கட்டாயம் தொங்க வேண்டும். கருவி ஏற்காதவர் அதில் நேரம் எழுதிக் கையெழுத்துப் போட, வாட்ச்மேன் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். அந்தப் புதன்கிழமை எங்கள் கம்பெனியில் அப்படியொரு நோட்டு இருந்திருந்தால் அந்த அக்கா காலண்டர் தாளைத் தூக்கிக்கொண்டு வந்திருக்க வேண்டியதில்லை.

செல்பேசிச் செயலி, வெளியூர் சுற்றும் மார்க்கெட்டிங் ஆட்களுக்கும் வெளியே கூலிக்கு வேலை செய்து தரும் ஜாப் ஒர்க் யூனிட்களுக்குப் போய்வரும் தரப் பரிசோதகர்களுக்கும் சரி. தொடக்கமும் முடிவும் பதிவாகட்டும். வேலை முடிந்த பிறகும் ஆள் எங்கே இருக்கிறார் என்று காட்டும் வசதி இருந்தால் அதை அணைத்துவிடுங்கள். கம்ப்யூட்டர் திரையைச் சில நிமிடத்துக்கு ஒருமுறை படம் பிடிக்கும் மென்பொருள்களையும் நான் ஏற்கவில்லை. அவை நேரத்தை அளப்பதில்லை, ஆளைச் சந்தேகிக்கின்றன.

நான்காவது: கருவியைப் பொருத்தும் நாளில்

ஒவ்வொருவருக்கும் இரண்டு கைகளிலும் இரண்டிரண்டு விரல் பதியுங்கள். காலையில், கை காய்ந்திருக்கும்போது பதிவது நல்லது. வேலையை விட்டுப் போனவரின் எண்ணைப் புதிதாக வருபவருக்குக் கொடுக்காதீர்கள். ஒரே எண்ணில் இரண்டு பேருடைய நாட்கள் கலந்தால், பிற்காலத்தில் வருங்கால வைப்பு நிதியிலும் பணிக்கொடையிலும் (கிராஜுவிட்டி) அவிழ்க்க முடியாத சிக்கல் வரும்.

கருவியின் கடிகாரம் ஓடி ஓடி விலகும். ஆறு நிமிடம் வேகமாக ஓடினால் ஊரே தாமதம் ஆகிவிடும். திங்கட்கிழமைதோறும் செல்பேசி நேரத்தோடு ஒப்பிட்டு, சரி பார்த்ததற்கு ஒரு வரி எழுதுங்கள். மின்தடையில் நிற்காமலிருக்க உள் பேட்டரி இருக்கிறதா என்று வாங்கும்போதே பிளக்கைப் பிடுங்கிப் பாருங்கள்.

பதிவுகளைத் திருத்தும் கடவுச்சொல் ஒரே ஆளிடம் இருக்கக் கூடாது. திருத்தினால் யார், எப்போது, எதை எதுவாக மாற்றினார் என்ற தடம் நிற்கும் மென்பொருளையே வாங்குங்கள். விற்பவர் ஆயிரம் வசதி சொல்வார். இந்த ஒரு வசதியைச் செய்துகாட்டச் சொல்லுங்கள்.

கைரேகையும் முகமும் ஒருவருடைய உடம்பின் அடையாளம். 2023-இல் தனிநபர் மின்னணுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கிறது. எதற்காக எடுக்கிறோம், எங்கே வைக்கிறோம் என்பதைத் தமிழில் எழுதி, ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் ஆட்கள் இருந்தால் அவர்களுடைய மொழியிலும் சொல்லி, ஒப்புதல் வாங்குங்கள். கொடுக்க விரும்பாதவருக்கு அட்டையோ நோட்டோ போதும். போகிறவருடைய ரேகையை அன்றே அழித்துவிடுங்கள். வருகைப் பதிவு மட்டும் இருக்கட்டும்.

ஐந்தாவது: தினமும் பதினோரு மணிக்கு

முறை எவ்வளவு நல்லதானாலும் தினசரிப் பழக்கம் இல்லாவிட்டால் மாதக் கடைசியில் நாறும். காலை பதினோரு மணிக்கு நேற்றைய பட்டியலை எடுங்கள். வந்த பதிவு இருந்து போன பதிவு இல்லாதவர், போனது மட்டும் இருப்பவர், நோட்டில் எழுதியவர் என்று நூறு பேர் கம்பெனியில் நாலைந்து பெயர் தேறும். அவர்களை வேலை இடத்துக்கே போய்ப் பாருங்கள். அலுவலகத்துக்கு அழைத்து நிற்க வைக்காதீர்கள். பீஸ் ரேட்டில், அதாவது எண்ணிக்கைக்குக் கூலி வாங்கித் தைப்பவருக்கு அந்தப் பத்து நிமிடமும் காசு.

ஒரு சிறிய சீட்டில் தேதி, எண், விடுபட்ட நேரம், காரணம். தொழிலாளி கையெழுத்து, சூப்பர்வைசர் கையெழுத்து. அன்றே கணக்கில் ஏற்றுங்கள். நேற்று மாலை எத்தனை மணிக்குப் போனார் என்பது இன்று எல்லோருக்கும் நினைவிருக்கும். இருபது நாள் கழித்துக் கேட்டால் யாருக்கும் நினைவிருக்காது. அப்போது குரல் உயர்ந்தவர் சொல்வதே கணக்காகிவிடும்.

இரவு ஷிப்ட் உள்ள நிட்டிங் பிரிவுகளில் இன்னொரு குழப்பம். இரவு 8 மணிக்கு வந்தவர் மறுநாள் காலை போவார். மென்பொருள் நள்ளிரவில் நாளை வெட்டி, இரண்டு நாளும் அரைகுறைப் பதிவு என்று காட்டும். நள்ளிரவுக்குப் பின் செய்த வேலையையும் முந்தைய நாள் கணக்கில் சேர்ப்பதுதான் சட்டத்தின் முறை. மென்பொருளில் ‘நாள் முடிவு’ நேரத்தை நண்பகலுக்கு மாற்றினால் போதும், பெரும்பாலும் சரியாகிவிடும்.

ஆறாவது: நிமிடங்களைக் கூலியாக்குவது

தவறுகளில் பெரும்பகுதி இங்கேதான் நடக்கிறது. நேர்மையான முதலாளிகள்கூட இங்கே தெரியாமல் கூலியைக் குறைத்துவிடுகிறார்கள்.

நாள் கூலி 600 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 8 மணிக்கு வகுத்தால் மணிக்கு 75. நிமிடத்துக்கு 1 ரூபாய் 25 காசு. இந்த மூன்று எண்களையும் ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

12 நிமிடம் தாமதம் என்றால் பிடிக்க வேண்டியது 15 ரூபாய். அரை நாள் கூலியான 300-ஐ வெட்டும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. வராத நேரத்துக்கு உரிய கூலிக்கு மேல் பிடிக்கக் கூடாது என்பது ஊதியச் சட்டத்தில் தெளிவாக இருக்கிறது. ஒழுங்கு வர வேண்டும் என்றால் அதற்கு வேறு வழி தேடுங்கள்.

அடுத்தது ‘ரவுண்டு’ செய்வது. வந்தது 8:37 என்றால் 9 என்றும், போனது 5:41 என்றால் 5:30 என்றும் எழுதும் மென்பொருள் அமைப்பை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். இரண்டு பக்கமும் தொழிலாளிக்கே நட்டம். மாலையில் விடும் அந்த 11 நிமிடத்தை மட்டும் 26 நாளுக்குப் பெருக்குங்கள்: 286 நிமிடம், 4 மணி 46 நிமிடம். நிமிடத்தை நிமிடமாகவே சேர்த்து வையுங்கள். கடைசிக் கூட்டலில் மட்டும், அதுவும் மேல் நோக்கி, முழுமையாக்குங்கள்.

இனி ‘ஒன்றரை ஷிப்ட்’. பல கம்பெனிகளில் காலை எட்டரை முதல் மாலை ஐந்தரை வரை, உணவு நேரம் போக 8 மணி, ஒரு ஷிப்ட்; இரவு எட்டரை வரை இருந்தால் ஒன்றரை. மூன்று மணி நேரத்துக்கு நான்கு மணி நேரக் கூலி கொடுக்கிறோமே, நல்லதுதானே என்று நெடுநாள் நானும் நினைத்திருந்தேன். கணக்குப் போட்டுப் பாருங்கள். 600 ரூபாய்க் கூலிக்காரருக்கு அரை ஷிப்ட் 300. அதே மூன்று மணி நேரத்தை மிகை நேரமாக, இரட்டிப்பு வீதத்தில் கணக்கிட்டால் 3 × 150, அதாவது 450. ஒரு மாலைக்கு 150 ரூபாய் குறைகிறது. ‘ஒன்றரை’ என்று எழுதும்போது அந்தக் குறை யார் கண்ணிலும் படுவதில்லை. ‘3 மணி மிகை நேரம்’ என்று எழுதினால் பட்டுவிடும். ஆகவே ஷிப்ட் என்ற சொல் பேச்சில் இருக்கட்டும், பதிவேட்டில் மணியும் நிமிடமும் மட்டும் இருக்கட்டும்.

இன்னொன்றும் அப்போது தெரியவரும். மிகை நேரத்தோடு சேர்த்தும் ஒரு நாளில் 10 மணிக்கு மேல் கூடாது, வாரத்தில் 60 மணிக்கு மேல் கூடாது என்று 1948-ஆம் ஆண்டுச் சட்டமே எல்லை வைத்திருந்தது. ‘ஒன்றரை’ என்பது 11 மணி. ஷிப்மென்ட் நெருக்கடி வாரத்தில் இதையெல்லாம் யார் பார்ப்பது என்பார்கள். பதிவேடு பார்க்கிறது. ஒருவர் ஒரே மாதத்தில் பதினைந்து மாலை நின்றிருக்கிறார் என்று தாள் காட்டினால், அடுத்த ஆர்டருக்கு இன்னும் நான்கு டைலர் வேண்டும் என்று அர்த்தம்.

பீஸ் ரேட்காரர்களுக்கு நேரம் எழுத வேண்டாம் என்பது தவறு. அவர்களுக்கும் வார விடுமுறை உண்டு, மிகை நேரக் கூலி உண்டு, ஆண்டு விடுப்பு உண்டு. நேரம் இல்லாமல் எதையும் கணக்கிட முடியாது. காண்ட்ராக்ட் ஆட்களின் நேரத்தையும் காண்ட்ராக்டர் நோட்டோடு விட்டுவிடாதீர்கள். அவர் கூலி கொடுக்காமல் போனால் பொறுப்பு கம்பெனி மீதுதான் விழும்.

எக்செல் பற்றி ஒரு எச்சரிக்கை. எனக்குத் தெரிந்த ஒரு கம்பெனியில் 8 மணி 45 நிமிடத்தை 8.45 என்று தட்டி, மாதம் முழுவதும் கூட்டிவந்தார்கள். 26 நாளுக்கு உண்மையில் 227 மணி 30 நிமிடம். அவர்கள் தாளில் வந்தது 219.7. ஒருவருக்கு 7 மணி 48 நிமிடம் காணாமல் போனது; மணிக்கு 75 என்றால் 585 ரூபாய், கிட்டத்தட்ட ஒரு நாள் கூலி. யாரும் ஏமாற்ற நினைக்கவில்லை. மணிக்கு அறுபது நிமிடம் என்பதைத் தாள் அறியவில்லை, அவ்வளவுதான். நிமிடத்தை 60-ஆல் வகுத்த பிறகே புள்ளி வைத்து எழுதுங்கள்: 45 நிமிடம் என்றால் 0.75. நேர வடிவத்திலேயே கூட்டினால், 24 மணியைத் தாண்டியதும் எக்செல் மறுபடி பூஜ்யத்திலிருந்து காட்டும். மணியைக் குறிக்கும் எழுத்தைச் சதுர அடைப்புக்குள் வைத்து வடிவத்தை மாற்றினால் முழுக் கூட்டலும் தெரியும்.

மாதச் சம்பளக்காரர் ஒருவருக்குச் செய்து பார்ப்போம். சம்பளம் 15,600. 26 நாளுக்கு வகுத்தால் நாள் 600, மணி 75, மிகை நேர மணி 150. மாதத்தில் மிகை நேரம் 14 மணி 20 நிமிடம். அதாவது 860 நிமிடம். நிமிடத்துக்கு 2 ரூபாய் 50 காசு. மிகை நேரக் கூலி 2,150 ரூபாய்.

ஏழாவது: தாளைக் காட்டுங்கள்

வெள்ளிக்கிழமை மாலை, சம்பளத்துக்கு ஒரு நாள் முன்பே, ஒவ்வொருவருக்கும் அந்த வாரத்தின் துண்டுச் சீட்டு போக வேண்டும். பெயர், எண், ஒவ்வொரு நாளும் வந்த நேரம், போன நேரம், மொத்த மணி, மிகை நேரம், தொகை. எண்கள் பெரிய எழுத்தில் இருக்கட்டும். மாலை நேரத்தை 20:30 என்று அச்சிடாமல் 8:30 மாலை என்று அச்சிடுங்கள். தமிழ் படிக்கத் தெரியாத வெளிமாநிலத்தவருக்கும் தேதியும் மணியும் தொகையும் புரியும். தலைப்புகளை மட்டும் இந்தியிலோ ஒடியாவிலோ சேர்த்து அச்சிடுங்கள்.

வெள்ளியன்று கொடுப்பதில் காரணம் இருக்கிறது. சனிக்கிழமை பணத்தைக் கையில் வாங்கும்போது பின்னால் ஐம்பது பேர் நிற்பார்கள். ‘ஒரு மாலை விடுபட்டிருக்கிறது’ என்று சொல்லக் கூச்சமாக இருக்கும். வெள்ளி இரவு விடுதியிலோ வீட்டிலோ உட்கார்ந்து, தன் காலண்டரோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு மறுநாள் காலையில் வந்து சொல்லலாம். நான் இந்த முறையைக் கொண்டுவந்த முதல் மாதத்தில் நாள்தோறும் யாராவது சீட்டோடு வந்தார்கள். பாதிப் பேர் சொன்னது சரி, பாதிப் பேர் தாமே தவறாக எண்ணியிருந்தார்கள். மூன்றாவது மாதத்தில் வருபவர்கள் ஒன்றிரண்டாகக் குறைந்தார்கள்.

தொழிலாளி கொண்டுவரும் காலண்டரையும் பாக்கெட் நோட்டையும் ஒருபோதும் தள்ளிவிடாதீர்கள். முரண்பாடு வந்தால் பஸ் நோட்டு, நூல் கொடுத்த ரசீது, கேன்டீன் டோக்கன், அன்றைய உற்பத்தித் தாள் என்று சாட்சிகள் இருக்கின்றன. தேடிப் பாருங்கள். எதிலும் தீர்வு கிடைக்காவிட்டால் தொழிலாளி சொன்னதை ஏற்று எழுதுங்கள். பதிவை ஒழுங்காக வைக்க வேண்டியது கம்பெனியின் கடமை. அது தவறிய இடத்தில் நட்டமும் கம்பெனிக்கே சேர வேண்டும்.

எட்டாவது: எத்தனை நாள் வைத்திருப்பது?

கூலிப் பாக்கி கேட்டு விண்ணப்பிக்க மூன்று ஆண்டுக் காலம் இருக்கிறது. ஆகவே தினசரிப் பதிவுகள் குறைந்தது அவ்வளவு காலம் இருக்க வேண்டும். ஆனால் ஆண்டுக்கு எத்தனை நாள் வேலை செய்தார் என்ற சுருக்கத்தை மட்டும் அவர் வேலையில் இருக்கும் காலம் முழுவதும் பத்திரப்படுத்துங்கள். பணிக்கொடைக்கு ஆண்டுக்கு 240 நாள் என்பதே அளவு. ஐந்து ஆண்டுப் பணியைக் காட்ட அந்தச் சுருக்கம் இல்லையென்றால், பன்னிரண்டு ஆண்டு தைத்தவர்கூட வெறுங்கையோடு வாதாட வேண்டியிருக்கும். மாதம் ஒருமுறை கருவியின் பதிவுகளைப் பென்டிரைவில் எடுத்து வேறு கட்டடத்தில் வையுங்கள். அச்சிட்ட மாதப் பட்டியலில் பிரிவுக்கு ஒரு தொழிலாளியின் கையெழுத்தும் இருக்கட்டும்.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கும், ஆள் போகும் நாளுக்கும்

முதல் மாதம் பழைய நோட்டையும் புதிய கருவியையும் சேர்த்தே ஓட்டுங்கள். வாரக் கடைசியில் இரண்டையும் எதிரெதிரே வைத்து, வேறுபடும் ஒவ்வொரு வரியையும் சிவப்பில் குறியுங்கள். ஒரே ஆளுக்குத் திரும்பத் திரும்பச் சிவப்பு விழுந்தால் அவர் விரலைப் பாருங்கள். ஒரே நேரத்தில் பலருக்கு விழுந்தால் கருவியின் கடிகாரத்தையும் வரிசையையும் பாருங்கள். ஒரே பிரிவுக்கு விழுந்தால் அந்தச் சூப்பர்வைசரிடம் பேசுங்கள். அந்த மாதச் சம்பளத்துக்கு, இரண்டில் எது தொழிலாளிக்கு அதிகம் தருகிறதோ அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

யாராவது வேலையை விட்டுப் போனால் இரண்டு வேலை நாட்களுக்குள் கூலிக் கணக்கை முடித்துக் கொடுக்க வேண்டும் என்று, மேலே சொன்ன நான்கு தொகுப்புகளில் ஒன்றான ஊதியத் தொகுப்பு சொல்கிறது. மிகை நேரப் பாக்கி, எடுக்காத விடுப்பு, பிடித்த முன்பணம் எல்லாம் ஒரே தாளில் வர வேண்டும். அத்தோடு அவர் சேர்ந்த தேதியிலிருந்து ஆண்டுவாரியாக வேலை செய்த நாட்களின் பட்டியலை அச்சிட்டு, கம்பெனி முத்திரையும் கையெழுத்தும் போட்டுக் கையில் கொடுங்கள். ஊருக்குப் போகும் ரயில் இரவில் என்றால், மாலைக்குள் கொடுத்துவிடுங்கள்.